மாற்றுத்திறனாளிகள் நாள் விழா: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

ஐக்கிய நாடுகள் சபை 1992-இல் அறிவித்தபடி, டிசம்பர் 3 பன்னாட்டு மாற்றுத்திறனாளிகள் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழாவை முன்னிட்டு அன்று நம் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை என்பதால், நம் பள்ளி விழாவை டிசம்பர் 4 காலை 10 மணிக்கு வைத்துள்ளோம். மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளை மேடையில் வரிசையாக நிறுத்தி, பரிசுப்பொருள் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் இவ்வாண்டு இராது. நிகழ்ச்சியைத் திட்டமிடுவதும் நடத்துவதும் அம்மாணவர்களே.

எட்டாம் வகுப்பில் அண்மையில் நான் கண்டதை இங்கே சொல்லியாக வேண்டும். அவ்வகுப்பில் சைகை மொழியில் பேசும் மாணவி ஒருவர் இருக்கிறார். காது கேளாதோர் தமக்குள் ஒருவருக்கொருவர் சைகைப் பெயர் வைத்துக்கொள்வது வழக்கம். அம்மாணவியும் தன் வகுப்பில் எல்லோருக்கும் அப்படிப் பெயர் வைத்திருக்கிறார். கன்னத்தில் குழி விழும் மாணவனுக்கு, ஒரு விரலைக் கன்னத்தில் வைத்துத் திருகுவது பெயர். கணித ஆசிரியைக்கு, மூக்கில் இறங்கும் கண்ணாடியை மேலே தள்ளுவது பெயர். யாரையேனும் பாராட்ட வேண்டுமானால் அவ்வகுப்பில் இப்போது கைதட்டுவதில்லை. எல்லோரும் இரு கைகளையும் உயர்த்தி விரல்களை அசைக்கிறார்கள். தனக்கென ஒரு மொழி இருக்கிறது என்ற அவருடைய பெருமிதம், வகுப்பையே அவர் பக்கம் சேர்த்துவிட்டது.

இத்தகைய பெருமிதத்தைக் கண்டு சில பெற்றோர் தயங்குவதையும் நான் அறிவேன். இயன்முறைப் பயிற்சியையோ செவிக்கருவியையோ மருத்துவரையோ கைவிடுமாறு நாங்கள் சொல்லவில்லை. அவை அனைத்தும் தொடர வேண்டும். ஆனால், எல்லாம் சரியான பிறகுதான் வாழ்க்கை தொடங்கும் என்ற எண்ணத்தோடு ஒரு குழந்தையை வளர்த்தால், இன்றைய தன்னை வெறுக்கவே அது கற்றுக்கொள்ளும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, முன்பு 7 ஆக இருந்த வகைகளை 21 ஆக விரிவாக்கியது. கற்றல் குறைபாடும் புற உலகச் சிந்தனையற்ற நிலையும் (ஆட்டிசம்) அவற்றுள் அடங்கும். நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்பு உள்ளதாகச் சான்று பெற்ற குழந்தை, 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிப் படிக்கலாம். அப்படியிருந்தும், பிற்காலத்தில் திருமணம் தடைபடும் என்று அஞ்சி, பெண் குழந்தைகளுக்குச் சான்றிதழே வாங்காமல் இருக்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகளைப் பெற மருத்துவச் சான்று வேண்டும். மறைப்பதால் இழப்பது குழந்தைதான். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குத் தனியே செல்லத் தயங்குவோருடன் எங்கள் சிறப்பாசிரியர் உடன் வருவார்.

மற்ற பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. கல்யாண வீட்டிலோ கோயில் கொடையிலோ இக்குழந்தைகளைக் காணும்போது, அவர்கள் காதுபடத் தாயிடம், “பிறவியிலேயே இப்படியா?” என்று கேட்காதீர்கள். குழந்தையின் பெயரைக் கேளுங்கள். எந்த வகுப்பு என்று கேளுங்கள். பந்தியில் உங்கள் பிள்ளையின் அருகில் இடம் கொடுங்கள்.

நம் ஊர்ப்பக்கம் மேடும் பள்ளமும் மிகுதி. சாலையிலிருந்து வீட்டுக்கும் கடைக்கும் வழிபாட்டுத் தலத்துக்கும் படியேறியே போக வேண்டியிருக்கிறது. சாய்தளம் கட்ட முன்வருவோரின் நல்ல மனத்தைப் போற்றுகிறேன். ஆயினும், ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்ற கணக்கைக் கொத்தனாரிடம் தயவுசெய்து சொல்லுங்கள். செங்குத்தாகக் கட்டிய சாய்தளத்தில் சக்கர நாற்காலி ஏறாது; இறங்கும்போது கவிழவும் கூடும். கோயில், ஆலய, பள்ளிவாசல் கமிட்டிகளில் பொறுப்பில் இருக்கும் பெற்றோர் இதை அடுத்த கூட்டத்திலேயே எடுத்துப் பேச வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

விழாவுக்கு வீட்டிலுள்ள மாற்றுத்திறனாளிகள் அனைவரையும், முதியோர் உட்பட, அழைத்து வாருங்கள். வாகனம் மேடை வரை வரலாம். சைகை மொழிபெயர்ப்பு, முன்வரிசை இருக்கை, இரைச்சல் தாங்காத குழந்தைக்குத் தனி அறை என எது தேவையானாலும் நவம்பர் 28-க்குள் வகுப்பாசிரியரிடம் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்