அந்த 3.9 நொடி: விசில் சரிதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 அமெரிக்க மகளிர் கல்லூரிக் கூடைப்பந்து அரையிறுதியில் யூகான் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) அணி அயோவா பல்கலைக்கழக அணியிடம் 71-69 என்று தோற்றதைப் பற்றி உங்கள் இதழில் தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. அடுத்த ஆண்டே யூகான் தென் கரோலினாவை 82-59 என்று அடித்துக் கோப்பையை எடுத்த பிறகாவது பேச்சு அடங்கும் என்று பார்த்தால், "முந்தைய ஆண்டுக் கோப்பையும் அவர்களுக்குத்தான் வந்திருக்கும், நடுவர் கெடுத்துவிட்டார்" என்று மறுபடியும் சூடு பிடித்திருக்கிறது. கடைசி நொடிகளில் யூகானுக்கு எதிராக நடுவர் ஊதிய விசில் சரி என்பதுதான் என் முடிவு. யூகான் ரசிகர்களின் மனக்குறையிலும் ஒரு பாதி நியாயம் உண்டு. ஆனால் அந்த நியாயத்தை அவர்கள் கடைசி நொடியில் தேடுகிறார்கள். அது அங்கே இல்லை.

நடந்ததை முதலில் வரிசைப்படுத்திவிடுவோம். கடிதங்களிலேயே ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள். 2024 ஏப்ரல் 5, கிளீவ்லாந்து. ஏறத்தாழ 40 நொடி மிச்சம் இருக்கையில் யூகானின் நிகா மூல் அடித்த மூன்று புள்ளிப் பந்தால் இடைவெளி 70-69 ஆகிறது. அடுத்த முறை அயோவா பந்தைப் பறிகொடுக்கிறது. கடிகாரத்தில் 9 நொடி சொச்சம். ஒரு கூடை போட்டால் யூகான் முன்னிலை. பந்து போய்ச் சேர வேண்டிய ஆள் யூகானின் பேஜ் பெக்கர்ஸ், அவரைத் துரத்துபவர் அயோவாவின் கேபி மார்ஷல். மார்ஷலை மறிக்க யூகானின் ஆலியா எட்வர்ட்ஸ் ஸ்கிரீன் போடுகிறார், அதாவது தடுப்பாளர் ஓடிவரும் வழியில் உடலால் மறித்து நிற்கிறார். 3.9 நொடி மிச்சம் இருக்கையில் விசில். நகர்ந்து போட்ட ஸ்கிரீன், தாக்கும் அணியின் ஃபவுல், பந்து அயோவாவுக்கு.

இனி விதி. ஸ்கிரீன் போடுபவர் எதிராளி வந்து மோதும் முன்பே நிலைகொண்டிருக்க வேண்டும். கால்கள் தோள் அகலத்துக்கு மேல் விரியக் கூடாது. கை, முழங்கை, முழங்கால் எதுவும் உடல் வரம்பைத் தாண்டி நீளக் கூடாது. எதிராளியின் பார்வைக்குள் நின்றால் தொடாமல் எவ்வளவு நெருங்கியும் நிற்கலாம். பார்வைக்கு வெளியே, முதுகுப்பக்கம் நின்றால் சாதாரணமாக ஓர் அடி வைக்கும் இடம் விட வேண்டும். ஓடி வருபவருக்கு நிற்கவோ திசை மாற்றவோ நேரமும் தூரமும் தர வேண்டும். பலர் கவனிக்காத வரி இதற்குப் பிறகு வருகிறது: பாதம் அசையாமல் இருந்தாலும், எதிராளி வரும் பாதையில் உடலைச் சாய்த்தாலோ இடுப்பை நீட்டினாலோ அதுவும் ஃபவுல்தான். "காலே நகரவில்லையே, எப்படி நகரும் ஸ்கிரீன்?" என்று உங்கள் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நகர்வது காலாகத்தான் இருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. மார்ஷல் வரும் பக்கமாக எட்வர்ட்ஸின் உடல் சாய்வதும் முழங்கை வெளியே வருவதும் நிதான ஓட்டத்தில் தெரிகின்றன.

"தொட்டதே லேசாகத்தானே" என்பது அடுத்த வாதம். இதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடும் தடுப்பாளர் 30 சென்டிமீட்டரை 0.06 நொடியில் கடக்கிறார். சாய்ந்த தோளும் நீட்டிய முழங்கையும் அடைப்பது அந்த 30 சென்டிமீட்டரைத்தான். அது திறந்திருந்தால் மார்ஷல் உரசியபடியே தாண்டிப் பெக்கர்ஸைப் பிடித்திருப்பார். அடைபட்டால் ஓர் எட்டு பின்தங்குவார். பெக்கர்ஸ் போன்றவருக்கு ஓர் எட்டு இடைவெளி போதும், பந்து கையை விட்டுப் போய்விடும். எவ்வளவு பலமாக இடித்தார் என்பதல்ல நடுவர் பார்ப்பது. அந்தத் தொடுகையால் யாருக்கு இடம் கிடைத்தது என்பதைத்தான் பார்க்கிறார்.

இந்தத் தவறு ஏன் நேர்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஏனென்றால் முழுப் பழியும் எட்வர்ட்ஸ் தலையில் விழுந்துவிட்டது. நகரும் ஸ்கிரீனில் பாதிப் பங்கு எப்போதும் ஸ்கிரீனைப் பயன்படுத்தி ஓடுபவருடையது. ஸ்கிரீன் போடுபவர் ஓடிவந்து, இரண்டு காலையும் ஊன்றி, கைகளை மார்போடு சேர்த்து, இடுப்பைத் தாழ்த்தி நின்ற பிறகுதான் ஓடுபவர் கிளம்ப வேண்டும். கிளம்பியவர் தன் தோள் ஸ்கிரீன் போடுபவரின் இடுப்பை உரசும் அளவுக்கு ஒட்டிப் போக வேண்டும். அவர் அரை நொடி முந்தினாலோ, இரண்டடி விலகி ஓடினாலோ நடுவில் ஒரு சந்து விழும். அந்தச் சந்தை அடைக்க ஸ்கிரீன் போடுபவர் தன்னை அறியாமலே சாய்ந்துவிடுவார். கடிகாரம் ஒன்பதிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும்போது எந்த அணியிலும் எல்லாரும் கொஞ்சம் முந்தித்தான் ஓடுவார்கள். அன்று 17 புள்ளி எடுத்து, உள்வட்டத்தில் அணியைத் தாங்கிய பெண் எட்வர்ட்ஸ். அவரை மட்டும் குறிவைத்து இத்தனை பேர் எழுதியது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

"சரி, ஃபவுலாகவே இருக்கட்டும். கடைசி நொடியில் ஊதுவார்களா? ஆடுபவர்களே முடிவு செய்யட்டும் என்று விட வேண்டாமா?" இதுதான் எல்லாக் கடிதங்களிலும் வருகிற கேள்வி. இதை நான் முழுதாக மறுக்கிறேன். விசிலை விழுங்குவதும் ஒரு முடிவுதான், அந்த முடிவு தவறு செய்தவர் பக்கம் சாய்கிறது. முதல் நிமிடத்தில் ஃபவுல் என்றால் 40ஆவது நிமிடத்திலும் ஃபவுல். விதிகளுக்குள் நின்று 39 நிமிடம் தடுத்து ஆடிய மார்ஷலுக்கு மிச்ச நொடிகளில் மட்டும் அந்த விதி கிடைக்காது என்று எப்படிச் சொல்வது?

நியாயமான பாதி எது என்றேனே, அது இங்கேதான் வருகிறது. ஒவ்வொரு தாக்குதலிலும் இப்படி ஒரு ஸ்கிரீன் ஃபவுல் கொடுக்க முடியும் என்று யூகான் பயிற்சியாளர் ஜீனோ ஆரியெமா ஆட்டம் முடிந்ததும் சொன்னார். மறுக்க முடியாத உண்மை. கல்லூரி ஆட்டங்களில் பந்து இல்லாத பக்கம் நடக்கும் சாய்தலும் இடுப்புத் தள்ளலும் ஏராளமாகக் கண்டுகொள்ளப்படாமல் போகின்றன. மூன்று நடுவர்கள் இருந்தாலும் கண் பந்தைத் தேடித்தான் போகிறது. கடைசித் தாக்குதலிலோ பந்து யாருக்கு வரும் என்று அரங்கத்துக்கே தெரியும், அதனால் அந்த ஸ்கிரீனை நடுவரும் நேராகப் பார்த்துக்கொண்டிருப்பார். கடைசி விசிலைத் திரும்பப் பெறச் சொல்வதைவிட, முதல் கால்பகுதியிலேயே இரண்டு சாய்ந்த ஸ்கிரீன்களுக்கு ஊதச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் இரு அணிகளும் திருந்திவிடும், கடைசியில் யாரும் சாய மாட்டார்கள். வீடியோ பார்த்துத் திருத்தியிருக்கலாமே என்று எழுதியவர்களுக்கும் ஒரு வார்த்தை: அப்போதைய விதிப்படி ஸ்கிரீன் ஃபவுலை மறுபார்வைக்கு அனுப்ப வழியே இல்லை.

விசிலோடு ஆட்டம் முடிந்துவிட்டது போல எல்லாரும் எழுதுகிறார்கள். முடியவில்லை. யூகான் உடனே அயோவாவின் நட்சத்திரம் கேட்லின் கிளார்க்கை ஃபவுல் செய்தது. மகளிர் கல்லூரி ஆட்டத்தில் ஒரு கால்பகுதியில் அணியின் ஐந்தாவது ஃபவுலிலிருந்து இரண்டு ஃபிரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் கூடைக்கு எறியும் வாய்ப்பு. கிளார்க் முதலாவதைப் போட்டார், 71-69. இரண்டாவது வெளியே வந்தது. யூகானுக்கு உயிர் வந்திருக்க வேண்டிய இடம் அதுதான். ஃபிரீ த்ரோவின்போது வளையத்துக்கு ஒட்டிய இரண்டு இடமும் தடுக்கும் அணிக்கே சொந்தம். பந்து கையை விட்டதும் உள்ளே ஓர் அடி வைத்து, பக்கத்தில் நிற்பவரை முதுகால் அடைத்துவிட்டால் பந்து கிட்டத்தட்ட நம்முடையதுதான். ஆனால் அந்தப் பந்தை எடுத்தவர் அயோவாவின் சிட்னி அஃபோல்டர். யூகான் கை போட்டுப் பிடிக்க, கட்டிப்பிடித்த பந்தானது. அதற்குத் தனியாக ஜம்ப் பால் (நடுவர் மேலே எறியும் பந்தை இருவர் எம்பித் தட்டுவது) கிடையாது, மேசையில் இருக்கும் அம்புக்குறி யார் பக்கமோ அவர்களுக்கே பந்து. அம்பு அயோவா பக்கம் இருந்தது. ஆட்டம் அங்கே முடிந்தது. ஸ்கிரீனைப் பற்றி ஆயிரம் வரி எழுதியவர்கள் விழாமல் திரும்பிய பந்தை எடுத்த இந்த ரீபவுண்டைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

அதற்கும் முன்னால் போனால், இடைவேளையில் யூகான் 32-26 என்று முன்னிலை. மூல் விடாமல் ஒட்டி ஆடியதில் கிளார்க்குக்கு முதல் பாதியில் 6 புள்ளிதான், ஒரு மூன்று புள்ளிப் பந்துகூட விழவில்லை. அதைவிட நல்ல தடுப்பை அந்த ஆண்டு அவருக்கு எதிராகப் பார்ப்பது அரிது. ஆனால் அதற்கு விலை உண்டு. கிளார்க் பக்கம் இரண்டாவது ஆள் சாயும் ஒவ்வொரு முறையும் உள்ளே அயோவாவின் ஹானா ஸ்டுல்கிக்கு இடம் விழுந்தது. அவர் எடுத்தது 23 புள்ளி, அன்று இரு அணியிலும் அதுவே அதிகம். கிளார்க் 21 புள்ளியோடு 9 ரீபவுண்ட், 7 அசிஸ்ட் (சக வீராங்கனை கூடை போட வழிசெய்த பாஸ்). இரண்டாம் பாதியில் மட்டும் அயோவா 45, யூகான் 37. அஸி ஃபட், ஆப்ரி கிரிஃபின் உட்படப் பலர் காயத்தோடு வெளியே உட்கார்ந்திருக்க, மாற்றி இறக்க ஆளில்லாமல் வந்த அணி யூகான். கால் தளர்ந்த பிறகு உதவிக்குப் போனவர் திரும்பிவர அரை நொடி தாமதமாகும், அந்த அரை நொடியில்தான் ஸ்டுல்கி அடித்தார். ஒரே ஒரு ஆட்டத்தருணம் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பதில்லை என்று பெக்கர்ஸே அன்றிரவு சொன்னார். தோற்ற அணியின் முன்னணி வீராங்கனையே அப்படிச் சொன்ன பிறகு, நாம் ஏன் நடுவரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம்?

அதற்கு ஓராண்டு முன்னால் இதே குரல் மறுபக்கத்திலிருந்து கேட்டது. 2023 இறுதி ஆட்டத்தில் எல்எஸ்யூ (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) 102-85 என்று அயோவாவை வென்றபோது, கிளார்க்குக்குக் கொடுத்த டெக்னிக்கல் ஃபவுலை (உடல் மோதலுக்கல்ல, நடத்தைக்குத் தரும் ஃபவுலை)ச் சொல்லி அயோவா ரசிகர்கள் கொதித்தார்கள். 17 புள்ளி வித்தியாசத்துக்கும் அந்த ஒரு விசிலே காரணம் என்றார்கள். 2024இல் அவர்களுக்கே நடுவர்கள் நல்லவர்களாகிவிட்டார்கள்.

அந்த அரையிறுதியை அமெரிக்காவில் 1 கோடியே 42 லட்சம் பேர் பார்த்தார்கள். மகளிர் ஆட்டத்துக்கு அப்படியொரு கூட்டம் கூடிய இரவைப் பற்றி எழுதும்போது மூல் எப்படித் தடுத்தார், ஸ்டுல்கி எப்படி இடம் பிடித்தார் என்று ஒரு பக்கமாவது போடுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கடைசித் தாக்குதலை மறுபடி பார்க்கும் வாசகர்கள் இந்த முறை பந்தைப் பார்க்க வேண்டாம். எட்வர்ட்ஸின் பாதம், இடுப்பு, முழங்கை, இந்த மூன்றையும் விசில் கேட்பதற்கு முந்தைய ஒரு நொடி நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். அதன் பிறகும் தவறான விசில் என்று தோன்றினால், மேலே சொன்ன விதிகளில் எது மீறப்படவில்லை என்று குறிப்பிட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கூடைப்பந்து ரசிகர்,
திருச்சி.