கடல் மணமும் நின்று பிடிப்பதும்

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்பின் நண்பருக்கு,

உமது கடிதம் கிடைத்தது. மட்டக்களப்பில் அனைவரும் நலமென அறிந்து மகிழ்ந்தேன். இங்கும் புழுக்கத்தைத் தவிரக் குறையொன்றுமில்லை.

அசல் வாசனைத் திரவியத்துக்குப் பதிலாக அதைப்போன்ற மலிவானது போதுமா என்று நீர் கேட்டிருந்த விடயத்துக்கு வருகிறேன். ஜோர்ஜியோ அர்மானியின் ‘அக்வா டி ஜியோ’வுக்கு ஈடென்று சொல்லிப் புறக்கோட்டையில் விற்கும் துபாய்ப் போத்தலொன்றை, அசலின் விலையில் ஐந்திலொரு பங்குக்கு வாங்கி, சட்டையின் ஒரு கைப்பட்டியில் அதையும் மற்றதில் மகனிடமிருந்த அசலையும் அடித்துப் பார்த்தேன். தொடக்கத்தில் இரண்டையும் பிரித்தறிய இயலவில்லை. அதில் வியப்புமில்லை. அல்பேர்ட்டோ மொரியாஸ் உருவாக்கி 1996இல் வெளிவந்த அந்த மணத்தின் முகப்பில் இருப்பவை தேசிக்காய் இனங்களின் புளிப்பும் கடற்காற்றுமே. வத்தகப்பழத்தையும் உப்புக் காற்றையும் ஒருசேர நினைவூட்டும் கலோன் என்ற செயற்கைப் பொருளை பைசர் நிறுவன வேதியியலாளர்கள் 1966இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள், இன்று அதை எவரும் வாங்கலாம்.

வேறுபாடு பிறகுதான் தெரிகிறது. அசலில் கடல்வாடை மெல்ல ஒதுங்கி மல்லிகைக்கு வழிவிட, அடியிலிருந்து மரவாசமும் வெண்கஸ்தூரியும் மேலெழுகின்றன. மலிவானதிலோ கலோன் நகர மறுக்கிறது. நண்பகல் வெயிலில் அது வெட்டி வைத்து நேரமான வத்தகப்பழமாகி, மாலையில் சலவைத்தூளாக முடிகிறது. “எட்டு மணித்தியாலம் நிக்கும் அண்ணே” என்று கடைக்காரத் தம்பி அடித்துச் சொன்னது பொய்யன்று; நிற்கத்தான் செய்கிறது, அதுதான் தொல்லை. அசல் விரைவில் மங்கிவிடுகிறதென்று பலரும் குறைப்படுகிறார்கள். ஆனால் நம் ஊர் ஈரக்காற்றில் இவ்வகை மணம் நெடுநேரம் உரத்து நிற்பதைவிட அடங்கிப்போவதே நல்லதென்பது என் எண்ணம்.

ஆகவே, காலையில் அலுவலகம் போகுமுன் சட்டையில் ஒரு தடவை அடித்துக்கொள்ள உமக்கு மலிவானதே போதும்; குளிரூட்டிய வான் வண்டியில் பயணம் என்றால் அதுவும் வேண்டாம். மருமகனுக்குப் பரிசென்றால் அசலில் சிறிய போத்தலாகப் பார்த்து வாங்கும். என்னுடைய மலிவுப் போத்தலில் முக்கால்வாசி மிச்சமிருக்கிறது. தைப்பொங்கலுக்கு இங்கு வரும்போது எடுத்துச் செல்லலாம்.

அன்புடன்,
உமது பழைய நண்பன்