பழைய பார்க்கெட் தரை: தேய்ப்பு மெஷின் போடும் முன் கவனிக்க

வணக்கம். பழைய வீட்டு பார்க்கெட் தரையை, அதாவது சிறு மரக்கட்டைகளை வரிசையாக ஒட்டிய மரத்தரையைச் சீர்செய்யப் போகிறவர்கள் முதலில் தரை முழுக்கத் தட்டிப் பாருங்கள். வெற்றொலி வரும் கட்டைகள் அடியில் பசை விட்டவை. சாக்பீஸால் எண் போட்டு, போட்டோ எடுத்த பிறகே பெயர்க்கவும். எல்லாம் ஒரே அளவாகத் தெரிந்தாலும் நூலளவு வித்தியாசம் இருக்கும். இடம் மாறினால் மீன்முள் போல் சாய்த்து அடுக்கிய வரிசை கோணிக்கொண்டே போகும்.

அடியில் கறுப்புத் தார் இருந்தால் உடனே சுரண்டாதீர்கள். பழைய தார்ப் பசையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஆய்வகத்தில் சோதித்து, இல்லை என்று உறுதியான பிறகு, கட்டையை ஃப்ரீசரில் வைத்து எடுங்கள். தார் நொறுங்கி உளிக்குச் சில்லு சில்லாக வரும். சூடு காட்டினால் இளகி, மரத்தில் அப்பிக்கொள்ளும். மிச்சத் தாரின் மேல் சாதாரணப் பசை பிடிக்காது. தாருக்கு ஏற்றதா என்று டப்பாவில் பாருங்கள்.

கட்டைகள் கூட்டமாக மேடிட்டிருந்தால் அது ஈரம். கசிவை அடைக்காமல் ஒட்டுவது வீண் வேலை. மரம் விரிய இடம் வேண்டும், அதனால் சுவரோரம் 10 மி.மீ. இடைவெளி கட்டாயம்.

தேய்க்க 40, 60, 80, 100 எண் உப்புத்தாள்களை இதே வரிசையில் போடுங்கள். நடுவில் ஒன்றைத் தாண்டினால் கீறல் பாலிஷ் போட்ட பிறகுதான் பல்லிளிக்கும். இடுக்குகளுக்கு, அந்தத் தரையையே 80 எண் தாளில் தேய்த்த தூளை ஃபில்லர் ரெசினில் (இடுக்கு நிரப்பும் பிசின்) குழைத்துப் பூசுங்கள். நிறம் ஒத்துப்போகும்.

எண்ணெய்ப் பூச்சு துடைத்த துணியைக் கசக்கிக் குவிக்காதீர்கள், தானாகவே தீப்பிடிக்கலாம். தண்ணீரில் முக்கி, மூடியுள்ள உலோக டப்பாவில் போடுங்கள்.