தமுக்கத்துக்கு வரும் வழி

சிவகங்கை

அன்பு மகள் மீனாவுக்கு,

மதுரை தமுக்கம் மைதானத்தில் நடக்கும் புத்தகத் திருவிழாவைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவோம் என்றாய். அப்படியானால் ரயில் வேண்டாம், பஸ்ஸிலேயே வாம்மா. ரயிலில் வந்தால் பெட்டியை ஜங்ஷன் கிளாக் ரூமில் போட வேண்டும். பூட்டாத பையை அங்கே வாங்க மாட்டார்கள். சாயங்காலம் அதை எடுக்க மறுபடி ஊருக்குள் போக வேண்டும். நம்ம ஊர் பஸ்ஸோ மாட்டுத்தாவணியில் கிளம்புகிறது. மாற்றுத்துணி இங்கே இருக்கிறது, தோள்பை ஒன்று போதும்.

கிளாம்பாக்கத்தில் மதுரை போர்டு போட்ட வண்டியாகப் பார்த்து ஏறு. திருநெல்வேலி, நாகர்கோவில் வண்டிகளில் சில, பைபாஸிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். குழந்தையை வைத்துக்கொண்டு அங்கே நிற்க முடியாது.

மாட்டுத்தாவணியில் டவுன் பஸ் ஏறும்போது தமுக்கம் நிற்குமா என்று கேட்டுக்கொள். திருவிழா நடக்கும் மாநாட்டு மையத்தின் பேரைச் சொன்னால் சிலருக்குத் தெரியாது, அதைத் திறந்தது 2022-ல்தான். தமுக்கம் என்றால் எல்லாருக்கும் தெரியும். சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், ஆனாலும் டிக்கெட்டைக் கேட்டு வாங்கு. பனகல் ரோடு வழியாகப் போகிற வண்டி என்றால் கோரிப்பாளையத்தில் தேவர் சிலைப் பக்கம் இறங்கி, அழகர்கோயில் ரோட்டில் வடக்கே நடங்கள். தமிழன்னை சிலை தெரிந்தால் வந்துவிட்டீர்கள்.

அந்தத் தூரத்துக்கு ஆட்டோ பிடிக்காதே. ஏ.வி. பாலத்து வண்டிகள், செல்லூர் வண்டிகள், பனகல் ரோட்டு வண்டிகள் எல்லாம் கோரிப்பாளையத்தில்தான் வந்து முட்டுகின்றன. பெரியாஸ்பத்திரிக்குப் போகிற ஆம்புலன்ஸும் அதற்குள்தான் நுழைய வேண்டும். பாவம், உள்ளே இருப்பவர்களை நினைத்தால் மனசு பதறும். நடந்தால் பத்து நிமிடம்.

காலையிலேயே வந்துவிட்டால் பேரனுக்குப் பக்கத்திலிருக்கும் காந்தி மியூசியத்தைக் காட்டு. ராணி மங்கம்மாள் அரண்மனை அது; 1959-ல் மியூசியமாகத் திறந்தார்கள். மத்தியானம் 1 மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை, வெள்ளிக்கிழமை விடுமுறை.

அரங்கில் ஏசி, அவனுக்கு முழுக்கைச் சட்டை போடு. கூட்டத்தில் போன் சிக்னல் இழுக்கும், கையில் ரொக்கம் வேண்டும். 10 சதவீதக் கழிவைப் பில்லில் சரிபார். புத்தகக் கனத்துக்கு பிளாஸ்டிக் பையின் காது அறுந்துவிடும், கட்டைப்பை கொண்டு வா.

சாயங்காலம் 5 மணிக்குமுன் வெளியே வந்துவிடு. அதற்குமேல் ஆபீஸ் கூட்டமும் சேர்ந்தால் டவுன் பஸ்ஸில் பையோடு ஏற முடியாது. சிவகங்கை வண்டியில் உட்கார்ந்ததும் போன் போடு, அப்பா பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவார். மாப்பிள்ளைக்கு ராத்திரி இடியாப்பம் போதுமா, சோறும் வடிக்கவா என்று கேட்டுச் சொல்.

அம்மா