படிப்பைச் சொல்கிறோம், வேலையைச் சொல்வதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தேர்வு முடிவுகள் வெளிவரும் பருவத்தில் தாங்கள் வெளியிட்டுவரும் மேற்படிப்பு வழிகாட்டித் தொடரைத் தவறாமல் படித்து வருகிறேன். எந்தப் படிப்புக்கு என்ன தகுதி வேண்டும், எத்தனை ஆண்டு படிக்க வேண்டும், விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்ற விவரங்களை ஒரே இடத்தில் தொகுத்துத் தருவது, வீட்டில் விசாரித்துச் சொல்ல ஆளில்லாத பிள்ளைகளுக்குப் பெரிய உதவி. ஆனால், தொடர் முழுவதும் படிப்புகளின் பெயர்களே நிறைந்திருக்கின்றன. அந்தப் படிப்பை முடித்தவர் காலையில் வேலைக்குப் போனால் மாலை வரை என்ன செய்கிறார் என்பது ஓரிடத்திலும் இல்லை. பல ஆண்டுகள் மேல்வகுப்புகளுக்குப் பாடம் நடத்தியவன் என்ற முறையில் இந்தக் குறையைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

பதினேழு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த தொழில்கள் மிகச் சில. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு, 2018இல் 15 வயது மாணவர்களிடம் நடத்திய 'பிசா' என்ற பன்னாட்டு மாணவர் மதிப்பீட்டு ஆய்வின் அடிப்படையில் 2020இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 41 நாடுகளின் மாணவர்களில் ஆண்களில் 47 விழுக்காட்டினரும் பெண்களில் 53 விழுக்காட்டினரும், 30 வயதில் தாங்கள் பார்க்கப்போகும் வேலையாகப் பத்தே பத்துத் தொழில்களுள் ஒன்றைத்தான் குறிப்பிட்டிருந்தனர். மருத்துவர், ஆசிரியர், பொறியாளர், காவல்துறை அதிகாரி என்று நாம் எளிதில் ஊகிக்கக்கூடிய பட்டியல்தான் அது. 2000ஆம் ஆண்டு ஆய்வோடு ஒப்பிட்டால் இந்த விழுக்காடு கூடியிருக்கிறது என்பதுதான் எனக்குக் கவலை தந்த செய்தி. இடைப்பட்ட காலத்தில் புதிய தொழில்கள் எத்தனையோ தோன்றிவிட்டன. பிள்ளைகளின் பார்வையோ சுருங்கியிருக்கிறது.

தொழில் வழிகாட்டுதல் என்பதை ஒரு துறையாகத் தொடங்கி வைத்தவர்களுள் முதன்மையானவர் ஃபிராங்க் பார்சன்ஸ். 1908இல் பாஸ்டன் நகரில் இதற்கென ஓர் அலுவலகம் திறந்த அவர், தன்னை அறிதல், தொழிலை அறிதல், இரண்டையும் பொருத்திப் பார்த்து முடிவெடுத்தல் என்று மூன்று படிகளை வகுத்தார். நூறாண்டுக்கு மேலாகியும் இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. இன்று முதல் படிக்கு ஆர்வத் தேர்வுகள் ஏராளமாக வந்துவிட்டன. அவற்றில் பல, ஜான் ஹாலண்ட் என்ற உளவியலாளர் 1959 முதல் உருவாக்கிய, மனிதரின் தொழில் ஆர்வங்களை ஆறு வகையாகப் பிரிக்கும் முறையை ஒட்டியவை. பயனுள்ளவைதாம். ஆனால் அவை காட்டுவது விருப்பத்தையே தவிரத் திறமையை அன்று. நடுப்படியான தொழிலை அறிதலை நாம் ஏறக்குறைய முழுவதுமாகக் கைவிட்டுவிட்டோம்.

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி நன்றாகப் படம் வரைவாள். அதனால் கட்டடக்கலை படிக்க வேண்டும் என்றாள். விடுமுறையில் ஒரு கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் சில நாள் உடனிருக்க ஏற்பாடு செய்தோம். அங்கே அவள் கண்டது, ஒரு மாடிப்படியின் அளவு சரியாக வராமல் ஒரே வரைபடத்தைத் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருந்த இளைஞரையும், குளியலறை எந்தப் பக்கம் அமைய வேண்டும் என்பதில் ஒத்துப்போகாத கணவன் மனைவியிடம் பொறுமையாகப் பேசிக்கொண்டிருந்த தலைமைக் கலைஞரையும், செலவு மதிப்பீட்டுத் தாள்களையும்தான். ஓவியம் என்று சொல்லத்தக்க வேலை மிகக் குறைவு. திரும்பி வந்தவள் அந்தப் படிப்பையே தேர்ந்தெடுத்தாள்; ஆனால், மாடிப்படிக் கணக்கு தனக்குப் பிடித்திருந்தது என்று காரணம் சொன்னாள். அந்தக் காரணத்தை எந்தக் கையேடும் அவளுக்குத் தந்திருக்க முடியாது.

எல்லாருக்கும் இப்படி உடனிருக்க வாய்ப்புக் கிடைக்காது. ஆனால், அந்தத் தொழிலில் ஐந்தாறு ஆண்டுகளாக இருக்கும் ஒருவரோடு அரைமணி நேரம் பேச முயன்றால் பெரும்பாலும் இயலும். மூத்த நிபுணரைவிட இத்தகையவரே பொருத்தமானவர். தொடக்க காலச் சிரமங்கள் அவருக்கு மறந்திருக்காது. 'இந்தத் துறை நல்ல துறையா' என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். நேற்று முழுவதும் என்ன செய்தீர்கள், அதில் சலிப்பூட்டியது எது, உங்களோடு சேர்ந்தவர்களில் விலகிப் போனவர்கள் ஏன் போனார்கள் என்று கேட்க மாணவர்களைப் பழக்க வேண்டும்.

இதே விசாரிக்கும் பழக்கம் கல்வி நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போதும் தேவை. விளம்பரங்களில் கொட்டை எழுத்தில் வருவது, யாரோ ஒருவருக்குக் கிடைத்த மிக உயர்ந்த ஊதியம். அடுத்ததாகச் சராசரி ஊதியத்தைச் சொல்வார்கள். பத்துப் பேரில் ஒன்பது பேர் ஆளுக்கு ஒரு பங்கும் ஒருவர் மட்டும் பதினொரு பங்கும் பெற்றால் சராசரி இரண்டு பங்கு என்று வரும். ஒன்பது பேர் பெறுவதோ அதில் பாதிதான். ஆகவே கேட்க வேண்டியது இடைநிலை ஊதியத்தை, அதாவது ஊதியங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவர் பெறுவதை. வேலை கிடைத்தோர் விழுக்காடும் அப்படித்தான்: சேர்ந்தவர்கள் அனைவரையும் கொண்டு கணக்கிட்டார்களா, வளாக நேர்காணலுக்குப் பதிவு செய்தவர்களை மட்டும் கொண்டா? படிப்பு முறையான அங்கீகாரம் பெற்றதா என்பதை நிறுவனத்தின் வாய்மொழியை நம்பாமல், அங்கீகாரம் வழங்கும் அமைப்பிடமே சரிபார்க்க வேண்டும். கல்விக் கடன் வாங்கும் குடும்பமாக இருந்தால் மாதத் தவணையை அந்த இடைநிலை ஊதியத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முதலாண்டு முடிவில் படிப்பை மாற்றிக்கொள்ள விரும்பும் பிள்ளையிடம், கட்டிய பணத்தைச் சொல்லிக் காட்டுவது நியாயமன்று. எந்த முடிவெடுத்தாலும் அந்தப் பணம் திரும்பப் போவதில்லை. இனிச் செலவாகப்போகும் ஆண்டுகளைப் பற்றித்தான் பேச வேண்டும். மாற விரும்புவது பாடத்தாலா, தனிமையாலா, ஒரு தாளில் தோற்ற வருத்தத்தாலா என்று பிள்ளையோடு அமர்ந்து ஆராய்ந்தால் பாதிக் குழப்பம் நீங்கிவிடும்.

தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். வாரந்தோறும் ஒரு பக்கத்தில் கால்பகுதியை ஒதுக்கி, ஒரு தொழிலில் இருக்கும் இளைஞர் ஒருவரின் ஒரு நாள் வேலையை அவர் வாய்மொழியாகவே வெளியிடுங்கள். மருத்துவரையும் பொறியாளரையும் சற்றுப் பொறுத்து எடுத்துக்கொள்ளலாம். ஆய்வுக்கூட நுட்பர், நில அளவையர், பேச்சுப் பயிற்சியாளர், மின்தூக்கி பழுதுபார்ப்பவர், தணிக்கை உதவியாளர் ஆகியோரிலிருந்து தொடங்கினால், மாணவர்கள் பெயரளவில்கூட அறியாத வேலைகள் அவர்கள் கண்ணில் படும். வேலையில் பிடிக்காத பகுதியையும் அவர்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்