கனடா மாப்பிள்ளை: விண்ணப்பம் உள்ளிருந்தா, வெளியிலிருந்தா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கனடாவில் மாப்பிள்ளை அமைந்தால் பெண்ணை விசிட் விசாவில் அனுப்பி, அங்கிருந்தே பி.ஆர். (நிரந்தரமாக வசிக்கும் உரிமை) கேட்பதுதான் புத்திசாலித்தனம் என்று வாசகர் ஒருவர் போன வாரம் எழுதியிருந்தார். எங்களுக்கும் ஒரு ஏஜென்ட் இதையேதான் சொன்னார். விசா படிவத்தில் கல்யாணமானதைக் காட்ட வேண்டாம் என்றும் கூடவே சொன்னார்! பொய் பிடிபட்டால் ஐந்து வருஷத்துக்குக் கனடா பக்கம் தலைகாட்ட முடியாது. அவருக்குத் தந்த பணத்தைக் கோயில் உண்டியலில் போட்டிருக்கலாம்.

என் மகள் டர்பனில் வளர்ந்தவள், தென்னாப்பிரிக்க பாஸ்போர்ட். கனடாவுக்குச் சுற்றிப் பார்க்கப் போகக்கூட அவளுக்கு விசா வேண்டும். மாப்பிள்ளை டொரண்டோவில் இருக்கிறார், கனடா குடியுரிமை உள்ளவர். கல்யாணம் இங்கே கோயிலில்தான் நடந்தது. ஐயர் தாலி எடுத்துக் கொடுத்தால் மட்டும் இந்த நாட்டுச் சட்டப்படி கல்யாணம் ஆகிவிடாது. அரசு அனுமதி பெற்ற திருமண அதிகாரி பதிவு செய்ய வேண்டும். எங்கள் ஐயருக்கே அந்த அனுமதி இருந்ததால் தப்பித்தோம். ஊரில் பலர் இதைப் பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உள்ளிருந்து விண்ணப்பித்தால் கணவனும் மனைவியும் கனடாவில் சேர்ந்து வாழ்ந்துகொண்டிருக்க வேண்டும். நடுவில் வெளிநாடு போனால் திரும்ப உள்ளே விடுவார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகவும் முடியாது. வெளியிலிருந்து விண்ணப்பிக்கும் முறையில் ஸ்பான்சர் செய்தவருக்கு, அதாவது அங்கிருந்து அழைக்கும் கணவனுக்கு, அந்த மேல்முறையீட்டு உரிமை உண்டு. பெயர்தான் 'வெளியிலிருந்து', டொரண்டோவில் கணவனோடு இருந்துகொண்டே இந்த முறையில் போடலாம் என்பதை அந்த வாசகர் எழுதவே இல்லை.

என் மகளுக்கு வெளியிலிருந்துதான் போட்டோம். என் மாமியார் கும்பகோணத்தில் தவறியபோது அவள் மறுநாளே டர்பனிலிருந்து கிளம்பினாள். பதினாறாம் நாள் காரியம் வரை இருந்துவிட்டுத்தான் திரும்பினாள். டொரண்டோவில் உட்கார்ந்து உள்ளிருந்து விண்ணப்பித்திருந்தால் பாட்டி முகத்தை வீடியோவில்தான் பார்த்திருப்பாள்.

இதற்குப் பிரிவுதான் விலை. அங்கே மாப்பிள்ளை வேலை முடிந்து கூப்பிடும்போது இங்கே நடுராத்திரி. காலையில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்த வேண்டியவள், கண் சிவந்து எழுந்து வருகிறாள். பெற்றவளுக்கு அதைப் பார்க்க எப்படி இருக்கும்!

உள்ளிருந்து போடுவதே தப்பு என்று சொல்லவில்லை. என் அண்ணன் மகள் டொரண்டோ ஸ்கார்பரோவில் படிக்கப் போய், அங்கேயே கல்யாணம் செய்து, பிள்ளை உண்டாகியிருந்தாள். எங்கேயும் பயணம் போகிற எண்ணமில்லை. அவள் உள்ளிருந்து போட்டதுதான் சரி. எங்கும் வேலை பார்க்கிற அனுமதியும் கிடைத்தது.

மாப்பிள்ளை வீட்டில் இன்னொரு பயம், பையனுடைய சம்பளம் போதுமா என்று. மனைவியை மட்டும் அழைக்கப் பொதுவாகக் குறைந்தபட்ச வருமான வரம்பு இல்லை. மூன்று வருஷம் அவள் செலவுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

மகளுக்கு இன்னும் முடிவு வரவில்லை. டிசம்பரில் மாப்பிள்ளை இங்கே வருகிறார். மேல்முறையீடு பற்றி மட்டுமாவது அடுத்த இதழில் நாலு வரி போடுங்கள்.

ஒரு வாசகி,
டர்பன்