ஒரே இரும்புக்கு ஏழு பெயர்

கோயம்புத்தூர்

அன்புள்ள ராஜேந்திரா,

பேரனின் படங்கள் வந்தன. மூக்கு அப்படியே உன் அப்பா மூக்கு. என் முழங்கால் வலி குறைந்தபாடில்லை. ஆபீசில் இரக்கப்பட்டு என் மேசையைக் கீழ்த்தளத்துக்கு இறக்கிவிட்டார்கள்.

போனில் நீ கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லவில்லையே என்று உறுத்திக்கொண்டே இருந்தது. திருச்சியில் உங்கள் கம்பெனியும் டிராயிங் கோப்புகளையும் அவற்றின் ரிவிஷன்களையும் நிர்வகிக்கும் பிடிஎம் சாஃப்ட்வேர் வாங்கப்போகிறது, உருப்படியான சங்கதியா, வெறும் பந்தாவா என்றாய். இரண்டு வருடமாக அதோடு குடித்தனம் நடத்துகிறவன் எழுதுகிறேன், கேள்.

எங்களை வாங்க வைத்தது ஒரு இம்பெல்லர், பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம். அதன் நடுத்துளை 32 மில்லிமீட்டராக இருந்ததை 28 ஆகக் குறைத்து ரிவிஷன் சி வெளியிட்டோம். மெஷின் ஷாப்பில் ஒட்டியிருந்ததோ ரிவிஷன் பி. அறுபது இம்பெல்லர், எல்லாம் எல்டிபி 2 என்ற ரக வெண்கலம், 32-க்குக் கடைந்து முடித்துவிட்டார்கள். சின்னத் துளையைப் பெருக்கலாம், பெரிய துளையைச் சுருக்க முடியுமா? வெண்கலம் விற்கும் விலையில் முதலாளி ஒரு வாரம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது என்ன நடக்கிறதென்றால், டிராயிங்கை செக்-அவுட் செய்தவர் மட்டும்தான் அதில் கை வைக்க முடியும். நான் அப்ரூவ் கொடுத்ததும் மூலையில் சாலிட்வொர்க்ஸ் என்ற வரையும் சாஃப்ட்வேரோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பழைய கம்ப்யூட்டர் டிராயிங்கைத் தானே திறந்து, பிடிஎஃப் எடுத்து, டிராயிங் எண்ணும் ரிவிஷனும் சேர்த்துப் பெயர் வைத்து, ஷாப்காரர்கள் பார்க்கும் ஃபோல்டரில் போட்டுவிடுகிறது. தகடு வெட்டும் பாகமென்றால் வெட்டும் லேசர் மெஷினுக்கு டிஎக்ஸ்எஃப் கோப்பும் போடும். பழைய பிடிஎஃப் அங்கிருந்து போய்விடும். உங்களுக்குச் சொல்லியிருக்கும் ஆட்டோடெஸ்க் வால்ட் என்ற பிடிஎம்மிலும் ஜாப் பிராசசர் என்று இதே வேலைக்கு ஒன்று உண்டு.

எனக்கு இதைவிடப் பிடித்தது 'காப்பி ட்ரீ' என்ற பிரதியெடுக்கும் வசதி. ஒரு பம்பிலிருந்து இன்னொரு மாடல் செய்ய, முன்பு ஒவ்வொரு பாகத்தையும் 'சேவ் ஆஸ்' போட்டு மாரடிப்போம். ஒன்றை மறந்தால் போதும், புது டிராயிங் பழைய பாகத்தையே காட்டிக்கொண்டிருக்கும். இப்போது முழு அசெம்ப்ளியும் அதன் டிராயிங்குகளும் புது எண்களோடு ஒரேயடியாகப் பிரதியாகி, உள்ளே இருக்கும் தொடர்புகளும் புதியவற்றுக்கு மாறிவிடுகின்றன. டிரேசிங் ஷீட்டில் ரோட்ரிங் பேனா இங்க்கை பிளேடால் சுரண்டி எண் மாற்றிய நமக்கு இது மாயாஜாலம்தான். (அம்மோனியா பிரிண்ட் மெஷினின் வாடை நினைவிருக்கிறதா? அதற்கப்புறம் எனக்கு எந்தக் காரத்துக்கும் கண்ணில் நீர் வருவதில்லை.)

ஆனால் விற்க வருகிறவர் சொல்லாத ஒன்று இருக்கிறது. சாஃப்ட்வேரை நிறுவ நாலு நாள்தான் ஆயிற்று. எங்களை நாங்களே திருத்திக்கொள்ள நாலு மாதம்.

பம்ப் கேசிங்குக்கு, அதாவது வெளிக்கூட்டுக்கு, நாங்கள் போடும் வார்ப்பிரும்பு ஒன்றே ஒன்றுதான், ஐ.எஸ். 210 என்ற இந்தியத் தர நிர்ணயத்தில் வரும் எஃப்ஜி 200. எங்கள் டிராயிங்குகளில் அதற்கு ஏழு பெயர். சி.ஐ. என்று ஒருவர், காஸ்ட் அயர்ன் என்று ஒருவர், எஃப்ஜிக்கும் 200-க்கும் நடுவில் இடம் விட்டு ஒருவர், விடாமல் ஒருவர். கிரேடு 20 என்று எழுதியது நான்தான். அந்த எண் இழுவலிமையைக் குறிப்பது. பழைய அளவில் சதுர மில்லிமீட்டருக்கு 20 கிலோ விசை, இப்போது 200 நியூட்டன், இரும்பு அதேதான். ஷாப்பில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை, எதைப் பார்த்தாலும் புரிந்துகொண்டார்கள். கம்ப்யூட்டருக்கு அவை ஏழும் ஏழு உலோகம். பர்ச்சேஸ் பட்டியலில் ஏழு வரியாக வந்து நின்றது. எந்தப் பெயர் நிலைக்க வேண்டும் என்று ஃபவுண்டரி, பர்ச்சேஸ், டிசைன் மூன்றையும் உட்காரவைத்துப் பேசியதில் ஒரு சண்டையே நடந்தது.

பட்டியல் முடிவானதும், ஒவ்வொரு டிராயிங்கின் விவரங்களையும் நிரப்பும் டேட்டா கார்டில் மெட்டீரியலைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி வைத்தோம். அங்கேயும் நான் ஒரு கோமாளித்தனம் செய்தேன். அதிகம் வருவது எஃப்ஜி 200 தானே, அதுவே முதலில் நிரம்பியிருக்கட்டும் என்று விட்டேன். புதுப் பையன் ஒருவன் கவனிக்காமல் விட, நானும் மேலோட்டமாகப் பார்த்து அப்ரூவ் கொடுக்க, ஒரு வெண்கல இம்பெல்லர் வார்ப்பிரும்பாக வெளியே போய்விட்டது. டிராயிங் மூலையில் விவரம் எழுதும் டைட்டில் பிளாக் பளிச்சென்று இருந்தது, பிடிஎஃப்பும் நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. வார்ப்புக்கு மாதிரி செய்யும் பேட்டர்ன் ஷாப் பெரியவர்தான் போன் செய்து, "ஏனுங்க, இந்த மாடலுக்கு இம்பெல்லர் இரும்புல போடறீங்களா?" என்றார். கூசிப்போய்விட்டேன். இப்போது அந்தப் பெட்டி காலியாகத்தான் திறக்கும். நிரப்பாமல் டிராயிங் அப்ரூவலுக்கு வராது.

வாங்கலாம் என்பதுதான் என் எண்ணம். அதற்கு முன் ஒன்று செய். உங்கள் டிராயிங்குகளில் ஒரு நூறு எடுத்து, மெட்டீரியல் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்பு, திருத்தாமல். எங்களை நீங்கள் மிஞ்சிவிட்டீர்களா பார்ப்போம்.

அன்புடன்,
சண்முகம்